பெட்டியில் மரகதம், உள்ளே உரம்

வீட்டில் பிள்ளைகளோடு படிகம் வளர்ப்பது பற்றி வந்த கடிதங்கள் மட்டும் இந்த முறை. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன். திட்டி எழுதியவற்றைச் சுருக்க மனம் வரவில்லை, அதனால் போடவே இல்லை.

கேள்வி: கொதிக்கும் தண்ணீரில் சமையல் உப்பைக் கரையும் மட்டும் கரைத்து ஃபிரிட்ஜில் வைத்தேன். ஒரு வாரமாகியும் படிகம் வரவில்லை. உப்பில் கலப்படமா? கடையில் புகார் கொடுக்கலாமா?

பதில்: கடைக்காரரை விட்டுவிடுங்கள். 100 மில்லி தண்ணீரில் உப்பு கொதிநிலையில் சுமார் 39 கிராம் கரையும், உறைநிலைக்குப் பக்கத்தில் சுமார் 36 கிராம். குளிரவைத்தால் வெளியே வர உப்புக்கு அவசியமே இல்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, அகலமான தட்டில் ஊற்றி, அசைக்காமல் வையுங்கள். தண்ணீர் வற்ற வற்றச் சின்னச் சின்னக் கனசதுரங்கள் வரும். குளிரவைத்து வளர்க்க ஆசையென்றால் படிகாரம் வாங்குங்கள். 20 டிகிரியில் கரைவதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல் அது 50 டிகிரியில் கரையும். ஆறும்போது அந்த மிச்சம்தான் படிகமாகிறது.

கேள்வி: நீல நிறத்தில் அழகாக வருமாமே, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்)? ஐந்து வயதுப் பையனோடு செய்யலாமா?

பதில்: வேண்டாம்.

கேள்வி: மகளுக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு படிகக் கிட் வாங்கினேன். பெட்டியில் உள்ளங்கை அளவு ஊதா நிறச் செவ்வந்திக்கல் படம். வந்ததோ நகத்தளவு துணுக்குகள். "நீங்கள் சரியாகச் செய்யவில்லை" என்கிறார் விற்றவர். குழந்தை தன் மேல்தான் தப்பு என்று அழுகிறாள்.

பதில்: முதலில் குழந்தையிடம் சொல்லுங்கள், அவள் மேல் ஒரு தப்பும் இல்லை.

செவ்வந்திக்கல் குவார்ட்ஸ் என்ற கனிமத்தின் ஒரு வகை. குவார்ட்ஸைத் தொழிற்சாலையில் வளர்க்கவே கனமான எஃகுக் கலன், 300 டிகிரிக்கு மேல் வெப்பம், காற்றழுத்தத்தைப்போலப் பல நூறு மடங்கு அழுத்தம் எல்லாம் வேண்டும். பிளாஸ்டிக் டம்ளரில் அது நடக்காது. இந்த மாதிரிக் கிட்களில் பெரும்பாலும் இருப்பது மோனோஅம்மோனியம் பாஸ்பேட். பயிருக்குப் போடும் உரம் அது, தீயணைப்பானின் தூளிலும் அதுதான். ஊதாச் சாயம் சேர்த்தால் செவ்வந்திக்கல், பச்சை சேர்த்தால் மரகதம், சிவப்பு சேர்த்தால் மாணிக்கம். சரக்கு மட்டம் என்று சொல்ல மாட்டேன். சீக்கிரம் வளரும், பிள்ளைகளுக்குப் பொறுமை போவதற்குள் ஏதாவது கண்ணில் படும். இன்ன ரசாயன உப்பு என்று சொல்லி விற்றால் எனக்கு ஒரு புகாரும் இல்லை.

சொல்வதில்லையே! இது என் பழைய ஆத்திரம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். 'படிகத் தூள்' என்றிருக்கும், 'மேஜிக் பவுடர்' என்றிருக்கும், அல்லது வெறுமனே ஏ பாக்கெட், பி பாக்கெட். உப்பின் பெயர் எங்கே? குழந்தை வாயில் போட்டுக்கொண்டால் டாக்டரிடம் 'ஏ பாக்கெட்டைத் தின்றுவிட்டான்' என்றா சொல்வீர்கள்? ஐரோப்பாவில் இந்த வகைக் கிட்களுக்கு ஈஎன் 71-4 என்று தனித் தரமே இருக்கிறது, எந்த ரசாயனம் எவ்வளவு வைக்கலாம் என்பது வரை. பெயரை அச்சிட இரண்டு வரி இடம் போதும். அந்த இடத்தில் நட்சத்திரம் மின்னுவது போலப் படம் போட்டிருக்கிறார்கள். பெயரில்லாத தூளை எந்த விலைக்கும் வாங்காதீர்கள், ஓசியில் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

அடுத்தது எடை. இந்த உப்பு 100 கிராம் இருந்தால் 100 கிராமுக்கு மேல் படிகம் வராது. அதை 200 மில்லி வெந்நீரில் கரைத்து ஆறவிட்டால் 70 கிராமுக்கு மேல் தண்ணீரிலேயே தங்கிவிடும். அதனால் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். வாய் அகன்ற பாத்திரத்தில் ஊற்றி வற்றவிடுங்கள், உங்கள் காசில் பாதிக்கு மேல் அதற்குள்தான் இருக்கிறது. விற்றவரிடம், படத்தில் உள்ள படிகம் இந்தப் பெட்டியின் தூளில் வளர்ந்ததா, நான் செய்ததில் எந்தப் படி தவறு என்று இரண்டே கேள்வி, எழுத்தில் கேளுங்கள். பெட்டிப் படத்தையும் உங்களுக்கு வந்ததன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்புங்கள். பணம் திரும்பக் கேட்க உங்களுக்கு முழு நியாயம் இருக்கிறது.

கேள்வி: தள்ளுபடி என்று மூன்று பெரிய கிட் வாங்கி அலமாரியில் வைத்தேன். இப்போது பிரித்தால் தூள் கல்லாக இறுகியிருக்கிறது. திருப்பி அனுப்பும் காலம் முடிந்ததாம். அநியாயமில்லையா?

பதில்: இல்லை. ஒன்றை வளர்த்துப் பார்த்துவிட்டு அடுத்ததை வாங்க யாரும் தடுக்கவில்லை. ஆனால் தூள் கெட்டுப்போகவில்லை. ஈரம் பட்டு இறுகியிருக்கிறது, வெந்நீரில் கரைந்துவிடும். இன்றைக்கே கரையுங்கள்.

கேள்வி: நூலில் கட்டித் தொங்கவிட்ட படிகாரம் ஒற்றைக் கல்லாக வளராமல் நூல் முழுக்கப் பொரிப்பொரியாகப் பிடிக்கிறது. 'டீலக்ஸ்' கிட் வாங்கினால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அதில் கூடுதலாக இருப்பது ஒரு பூதக்கண்ணாடியும் வளைந்து போகிற ஒரு பிளாஸ்டிக் இடுக்கியும். என்னிடம் ஒன்று கிடக்கிறது, வேண்டுமானால் இடுக்கியை அனுப்புகிறேன்.

பஞ்சு நூல்தான் வில்லன். அதன் ஒவ்வொரு இழையிலும் ஒரு படிகம் உட்கார்ந்துகொள்ளும். வழவழப்பான மெல்லிய தூண்டில் நரம்புக்கு மாறுங்கள். கரைசலை ஆறவைத்து, வடிகட்டி, அடியில் தங்கிய துகள் எதுவும் இல்லாமல் வேறு பாட்டிலுக்கு மாற்றுங்கள். தெளிவான முகங்களுள்ள ஒரு குட்டிப் படிகத்தைக் கட்டி இறக்கியதும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். படிகத்திலிருந்து மெல்லிய அலைகள் கீழே வழிந்தால் அது கரைகிறது, உடனே எடுத்துவிடுங்கள், கரைசலில் படிகாரம் போதவில்லை. அதே அலைகள் மேலே எழும்பினால் வளர்கிறது. படிகாரத்தை இழந்த தண்ணீர் லேசாகி மேலே போகிறது, அவ்வளவுதான். அப்புறம் வாயைக் காகிதத்தால் மூடி, வெயிலும் அடுப்பும் படாத மூலையில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். தினமும் தூக்கிப் பார்க்கிறவர்களுக்கு நல்ல படிகம் கிடைப்பதில்லை.

கேள்வி: படிகாரக் கரைசலில் சாயம் போட்டேன். தண்ணீர் சிவந்தது, படிகம் சிவக்கவில்லை. போலிச் சாயமா?

பதில்: சாயம் நல்ல சாயம். வளரும் படிகம் தன் அடுக்கில் பொருந்தாததைப் பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். நிறம் வேண்டுமென்றால் காய்ந்த பிறகு மேலே பூசுங்கள்.

கேள்வி: ஒரு கண்காட்சியில் 'பூமியிலிருந்து எடுத்த இயற்கைப் படிகம்' என்று பளிச்சென்ற நீலக் கொத்து ஒன்றை நல்ல விலை கொடுத்து வாங்கினேன். தூசி போகக் கழுவினால் தண்ணீர் நீலமாகிறது, கல் கரைகிறது!

பதில்: வருத்தமாக இருக்கிறது. இது நன்றாகத் திட்டமிட்டுச் செய்கிற ஏமாற்று, உங்களை முட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். மேலே ஐந்து வயதுப் பையனுக்கு வேண்டாம் என்றேனே, அந்த மயில்துத்தமாகத்தான் இருக்க வேண்டும். இயற்கையிலும் அது கிடைக்கும். ஆனால் வீட்டில் வளர்த்ததைப் பாறைத்துண்டில் ஒட்டி இயற்கைச் சரக்காக விற்பது கல் சேகரிப்பவர்களிடையே பழைய கதை. ரசீதில் 'இயற்கை' என்று எழுதியிருந்தால் அதை வைத்தே பணம் கேளுங்கள். எழுதித் தரவில்லையென்றாலும் கேளுங்கள், கண்காட்சி நடத்தியவர்களுக்கும் எழுதுங்கள். கையை நன்றாகக் கழுவுங்கள், கண்ணைத் தொடாதீர்கள். நீலத் தண்ணீரைக் குளத்திலோ மீன்தொட்டிப் பக்கமோ ஊற்ற வேண்டாம், மீனுக்கு அது விஷம்.

கேள்வி: வெண்காரத்தில் (போராக்ஸ்) செய்த நட்சத்திரம் பளபளப்பு போய்ச் சுண்ணாம்பு பூசினாற்போல ஆகிவிட்டது. மட்டமான வெண்காரமா?

பதில்: வெண்காரப் படிகத்துக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. வறண்ட காற்றில் அது வெளியேற, மேல்பகுதி வெள்ளைத் தூளாகிறது. எப்சம் உப்புக்கும் இதே கதிதான். அடுத்த முறை காய்ந்த உடனே நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசுங்கள். காகித மரத்தில் பூப்போலப் படிகம் பூக்கும் அட்டை ஒன்றும் விற்கிறார்கள். நானும் வாங்கினேன். கதவைச் சாத்திய காற்றில் மொத்தமும் உதிர்ந்தது. அதற்கு எந்தப் பூச்சும் உதவாது.

கேள்வி: சர்க்கரைப் படிகத்தை அதே படிகாரப் பாட்டிலில் வளர்த்துச் சாப்பிடலாமா?

பதில்: தனிப் பாட்டில், தனி நூல், தனிக் கரண்டி. இதைக் கேட்க வேண்டுமா?

கேள்வி: வானவில் நிறத்தில் பிஸ்மத் என்ற உலோகத்தின் படிகம் செய்ய ஒரு கட்டி வாங்கி வைத்திருக்கிறேன். சமையல் அடுப்பிலேயே உருக்கலாம் என்கிறார்களே?

பதில்: உருகும், 271 டிகிரியில். அந்தச் சூட்டில் ஒரு துளி தெறித்தால் என்ன ஆகும் என்று பெட்டியில் போட்டிருக்கிறதா பாருங்கள். பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை இது. பெரியவர்களே செய்வதானால் காற்றோட்டமான இடம், கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, தடித்த கையுறை, துளி ஈரமில்லாத பாத்திரம். அந்தப் பாத்திரத்தில் அப்புறம் சமைக்காதீர்கள்.