பேத்தி சேரப்போவது மட்டமான கல்லூரியா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கும் என் பேத்தி, இரண்டு வருடம் கம்யூனிட்டி காலேஜில் படித்துவிட்டுப் பிறகு பல்கலைக்கழகத்துக்கு மாறிக்கொள்கிறேன் என்கிறாள். மார்க் இல்லாதவர்கள் போகும் இடம் அது என்கிறார்கள் உறவினர்கள். சம்மதிக்கலாமா?

பதில்: தாராளமாகச் சம்மதியுங்கள். அங்கே சேர மார்க் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அது யோசித்துத் திறந்துவைத்த வாசல்.

ஏன் திறந்தார்கள் என்று சொல்கிறேன். இரண்டாம் உலகப் போர்முனையிலிருந்து திரும்பியவர்களின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் சட்டத்தில் 1944-ல் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் கையெழுத்திட்டார். அதை நம்பிச் சுமார் 22 லட்சம் பேர் கல்லூரிக்கு வந்தார்கள். 1947-ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் முன்னாள் படைவீரர்கள். ராணுவத்தின் தகரக் கொட்டகைகளைக் கொண்டுவந்து நிறுத்திப் பாடம் நடத்தினார்கள். மனைவி, குழந்தையோடு வந்தவர்கள் டிரெய்லர்களில் குடியிருந்தார்கள். அந்தக் கூட்டத்தைக் கொட்டகை போட்டுச் சமாளித்துவிட்டார்கள். போருக்குப் பின் பிறந்த பிள்ளைகள் பதினெட்டு வயதைத் தொடும்போது அப்படிச் சமாளிக்க முடியாது.

அதற்காகத்தான் 1960-ல் கலிஃபோர்னியா ஒரு பெருந்திட்டம் போட்டது. அதில் முன்னின்றவர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் தலைவர் கிளார்க் கெர். பள்ளி முடிப்பவர்களில் முன்னணியில் இருக்கும் எட்டில் ஒரு பங்கினர் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்கும், மூன்றில் ஒரு பங்கினர் மாநிலக் கல்லூரிகளுக்கும் தகுதி பெறுவார்கள். இரண்டாண்டுக் கல்லூரி, அதாவது இன்றைய கம்யூனிட்டி காலேஜ், எல்லோருக்கும் பொது. இதோடு விட்டிருந்தால் உங்கள் உறவினர்கள் சொல்வது சரியாகியிருக்கும். ஆனால் பல்கலைக்கழகத்திலும் மாநிலக் கல்லூரிகளிலும் இளங்கலை மாணவர்களில் முதல் இரண்டு ஆண்டுக்காரர்களை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும் என்றும் திட்டம் சொன்னது. மூன்றாம் ஆண்டில் வந்து சேர்பவர்களுக்கு இடம் வேண்டுமே! உங்கள் பேத்தி கேட்பது அந்த இடத்தைத்தான். முடிவில் கையில் வரும் பட்டமும் அதே பல்கலைக்கழகப் பட்டம்.

ஆனால் சேர்ந்தவர்கள் எல்லோரும் மாறிவிடுவதில்லை. எந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று பார்க்காமல் படித்துவிட்டு ஒரு வருடத்தை இழப்பவர்கள் உண்டு. 'அசிஸ்ட்' என்ற இணையதளத்தில் கல்லூரி வாரியாக அந்தப் பட்டியல் இருக்கிறது. முதல் செமஸ்டருக்கு முன்பே பார்க்கச் சொல்லுங்கள். 60 செமஸ்டர் யூனிட் (பாடங்களைக் கணக்கிடும் அலகு) முடித்தால் மாறலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ், இர்வைன் உட்பட ஆறு வளாகங்கள், கேட்ட தகுதிகள் இருந்தால் இடத்துக்கு முன்கூட்டியே உறுதி தருகின்றன. அதற்குச் செப்டம்பரிலேயே விண்ணப்பிக்க வேண்டும். பெர்க்லியிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் அந்த உறுதி கிடையாது, போட்டியிட்டுத்தான் சேர வேண்டும்.