மணிக்கட்டு டாட்டூவை நீக்க என்ன வழி?

கேள்வி: ஆறு வருடங்களுக்கு முன் மணிக்கட்டில் கருப்பு மையில் ஒரு பெயரும், பக்கத்திலேயே சிவப்பில் சின்ன இதயமும் டாட்டூ போட்டுக்கொண்டேன். இப்போது பார்க்கவே பிடிக்கவில்லை. எனக்கு மாநிறம். க்ரீம் தடவினாலே போய்விடும் என்கிறாள் தோழி. லேசர் வைத்தால் தழும்பாகிவிடும் என்று அம்மா பயப்படுகிறார். என்ன செய்யலாம்?

பதில்: க்ரீம் வேண்டாம். டாட்டூ மை மேல்தோலில் இல்லை, அதற்கு அடியில் உள்ள தோலில் தங்கியிருக்கிறது. சாதாரண க்ரீம் அங்கே போய்ச் சேராது. அமிலம் கலந்தவை போய்ச் சேரும், ஆனால் தோலைப் பொசுக்கிக்கொண்டு போகும். உப்பு வைத்துத் தேய்ப்பதும் அப்படித்தான். மை பாதி நிற்கும், அதன் மேல் தழும்பும் வரும். மையையாவது பிறகு எடுக்கலாம், தழும்பை எடுப்பது பெரும்பாடு.

அம்மாவின் பயம் நியாயமானதுதான். முடி நீக்கும் லேசர் கருவியை டாட்டூ மேல் வைத்துப் புண்ணாக்கிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு வேண்டியது க்யூ-ஸ்விட்ச்டு அல்லது பிக்கோ லேசர். கண்ணிமைக்கும் நேரத்தைவிட எத்தனையோ மடங்கு குறைந்த நேரத்தில் ஒளி பாய்ந்து மைத்துகளை உடைக்கும். உடைந்த தூளை உடம்பின் வெள்ளை அணுக்கள் மெல்ல மெல்ல அப்புறப்படுத்தும். அதற்கு அவகாசம் வேண்டும் என்பதால்தான் ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததற்கும் நடுவே 6 முதல் 8 வாரம் விடுகிறோம். ‘சீக்கிரம் முடிச்சுடுங்க டாக்டர்’ என்று அவசரப்படுத்தாதீர்கள்.

மாநிறத் தோலில் நிறமி அதிகம். லேசர் ஒளியை மை உறிஞ்சுவது போல அதுவும் உறிஞ்சும். 1064 நானோமீட்டர் அலைநீளத்தில் இந்தத் தொல்லை குறைவு, கருப்பு மையும் அதற்கு நன்றாக இளகிக் கொடுக்கும். அதனால் பெயரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. சிவப்புக்கு 532 வேண்டும். அதைத் தோலின் நிறமியும் இழுத்துக்கொள்வதால் அந்த இடம் வெளுத்தோ கறுத்தோ போகலாம். அதனால் முதலில் பெயரை முடியுங்கள். இதயத்தில் ஒரு மூலையில் மட்டும் சோதித்து, சில வாரம் பொறுத்திருந்து பார்த்துவிட்டுத் தொடரலாம். ஒன்று முக்கியம்: அந்தச் சிவப்பு எப்போதாவது அரித்தாலோ தடித்தாலோ மருத்துவரிடம் சொல்லாமல் லேசருக்குக் கையை நீட்டாதீர்கள். மைக்கு ஒவ்வாமை உள்ளவர்களுக்கு லேசரால் அது உடம்பு முழுக்கப் பரவக்கூடும்.

அன்று என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் பயம் பாதி குறையும். மரத்துப்போகும் களிம்பு தடவி, கண்ணுக்குக் கவசம் போடுவார்கள். டிக் டிக் என்று சத்தம் கேட்கும், ரப்பர் பேண்டால் சுண்டியது போல வலிக்கும். ஒளி பட்ட எழுத்து உடனே உறைபனி படிந்தாற்போல் வெளுக்கும். பார்த்துப் பதறாதீர்கள், கால் மணி அரை மணியில் அடங்கிவிடும். கொப்புளம் வந்தால் குத்தி உடைக்காதீர்கள், பொருக்கைப் பிய்க்காதீர்கள். வாசலின் தடவி மூடி வையுங்கள். ஆறிய பிறகு வெயிலில் போகும்போது சன்ஸ்கிரீன்.

கை நுனியை நோக்கிப் போகப் போக மை மெதுவாகத்தான் கரையும். அதனால் 6 முதல் 10 சிட்டிங், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். ஏறக்குறைய ஒரு வருடமோ அதற்கு மேலோ பிடிக்கலாம். அப்புறமும் லேசான நிழல் மிஞ்சலாம். கர்ப்பமாக இருந்தால் தள்ளிப்போடுங்கள். காயம் பட்ட இடமெல்லாம் தடித்து வளரும் வாகு உள்ளவரா என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

வெட்டித் தைப்பதும் உண்டு. சின்ன டாட்டூவுக்கு ஒரே நாளில் முடியும், ஆனால் கோடு போல் தழும்பு நிச்சயம். எப்போதும் மடங்கி நிமிரும் மணிக்கட்டில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பெயர் படிக்கத் தெரியாமல் போனால் போதும் என்றால், மூன்று நான்கு சிட்டிங்கில் மங்க வைத்து அதன் மேல் வேறு டாட்டூ போட்டு மறைத்துவிடலாம். மங்கிய மையை மூட அவ்வளவு பெரிய, அடர்த்தியான படமும் தேவைப்படாது.

எந்த வழியானாலும் ஒவ்வொரு சிட்டிங்குக்கு முன்பும் அதே வெளிச்சத்தில் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். தினமும் பார்க்கிற கண்ணுக்கு மை மங்குவது தெரியாது. மூன்றாவது சிட்டிங்கில் ‘ஒண்ணுமே ஆகலையே’ என்று சோர்ந்து நிறுத்திவிடத் தோன்றும்போது முதல் போட்டோவை எடுத்துப் பாருங்கள்.