ககாசெட் மலையில் மாட்டிக்கொண்ட கோத்தகிரிக்காரருக்கு

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபாக்டரியில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்றரை மணி நேரம் விளையாடக் கிடைத்தாலே அதிகம். ஃபைனல் ஃபேன்டஸி வீடியோ கேம் வரிசையை ஒன்றாம் பாகத்தில் இருந்து வரிசையாக முடித்துவிடலாம் என்று டெஸ்க்டாப் கம்ப்யூட்டரில் ஆரம்பித்தேன். முதல் இரண்டை முடித்தேன், மூன்றில் அலுத்துவிட்டது. நண்பன் சொன்னான் என்று பத்துக்குத் தாவினேன். இப்போது அதில் வரும் ககாசெட் மலையில் சீமோர் என்ற வில்லனிடம் ஆறு முறை தோற்றாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் சண்டைக்கு முன் அதே வசனக் காட்சியை முழுக்கப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை ஜெயிக்கப் போகும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது. ஏன் அண்ணா இப்படி வைத்திருக்கிறார்கள்? மீதியை விளையாடலாமா, விட்டுவிடலாமா?

பதில்: விட வேண்டாம் தம்பி. ஆனால் வரிசையாக விளையாடுகிற யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள். எண் போட்ட பாகங்கள் ஒன்றுக்கொன்று கதைத் தொடர்ச்சி இல்லாதவை. ஆறை விளையாட ஐந்து தெரிய வேண்டியதில்லை. சிலவற்றுக்குத் தனியாக நேர்த்தொடர்ச்சி உண்டு, பத்துக்கு 2003-ல் பத்து-இரண்டு என்று ஒன்று வந்தது.

முதலில் சீமோரை முடிப்போம், அப்புறம் மற்றதைப் பேசலாம். அவனுக்கு 70,000 ஹெச்.பி., அதாவது உயிர்ப் புள்ளிகள். வாளால் அடித்துக் குறைக்கப் பார்ப்பவர்கள்தான் ஆறு ஏழு முறை தோற்கிறார்கள். அவனுக்கு விஷம் ஏறும். இவ்வளவு பெரிய எதிரிக்கு விஷம் ஏறாது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம், முயற்சி செய்து பார்ப்பதில்லை. உங்கள் குழுவின் மந்திரக்காரி லூலு ‘பயோ’ என்ற விஷ மந்திரத்தைக் கற்றிருந்தால் முதல் வேலையாக அதைப் போடுங்கள். அவனுடைய ஒவ்வொரு முறைக்கும் 1,400 தானாகக் கழியும். அவன் ஈட்டியால் குத்தினால் உங்கள் ஆள் ஸோம்பி, அதாவது நடைப்பிணம் ஆகிவிடுவார். உடனே பக்கத்தில் மிதக்கும் அந்த இயந்திரம் அதே ஆளுக்கு ‘ஃபுல்-லைஃப்’ போடும். உயிர் கொடுக்கும் மந்திரம் ஸோம்பியைக் கொல்லும், அதுதான் தந்திரம். ஆகவே ஈட்டி விழுந்ததும் ஸோம்பி நிலையைப் போக்கும் ஹோலி வாட்டர் தெளிக்க வேண்டும். பத்துப் பன்னிரண்டு வாங்கி வைத்துக்கொண்டு போங்கள். குழுவில் உள்ள யூனா துணைக்குக் கூப்பிடும் ஏயான் என்ற பெரிய உயிரை அவன் சீக்கிரமே விரட்டிவிடுவான். எனவே ஓவர்டிரைவ் என்ற சிறப்புத் தாக்குதல் நிரம்பிய ஏயானை மட்டும் அழைத்து, வந்த முதல் வாய்ப்பிலேயே அதைப் பயன்படுத்திவிடுங்கள். பெரிய தாக்குதலுக்குத் தயாராகும்போது திரையில் முன்கூட்டியே எழுத்து வரும். அப்போது அடிப்பதை நிறுத்திவிட்டு எல்லோருடைய ஹெச்.பி.யையும் நிரப்பிக்கொள்ளுங்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன், அடுத்து அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். மலை தாண்டி ஸனார்கண்ட் என்ற இடத்தில் யூனலெஸ்கா என்ற அடுத்த பெரிய எதிரி வருவாள். அவளும் ஸோம்பி ஆக்குவாள். சீமோரிடம் பழகிய கையோடு எல்லோருக்கும் ஹோலி வாட்டர் தெளித்தால் தொலைந்தீர்கள். மூன்றாவது உருவத்தில் அவள் போடும் ‘மெகா டெத்’ உயிரோடு இருப்பவரை ஒரே அடியில் சாய்க்கும், ஸோம்பியை ஒன்றும் செய்யாது. ஒருவர் இருவரையாவது ஸோம்பியாகவே விட்டுவைக்க வேண்டும். அந்தச் சண்டைக்கு முன்னாலும் நீளமான காட்சி உண்டு, அதையும் தாண்ட முடியாது.

சரி, ஏன் தாண்ட முடியாது? பத்து வந்தது 2001-ல், பிளேஸ்டேஷன் 2-க்கு. இந்த வரிசையில் கதாபாத்திரங்கள் வாய்திறந்து குரலில் பேசிய முதல் பாகம் அதுதான். புது மைக் வாங்கிய கல்யாண வீட்டுக்காரர் மாதிரி, பேச வைத்துவிட்டோம், யாரும் எழுந்து போகக் கூடாது என்று நினைத்திருப்பார்கள் என்பது என் ஊகம். காட்சியைப் பார்ப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆட்டத்தைச் சேமிக்கும் இடமான சேவ் உருண்டையைக் காட்சிக்கு முன்னால் வைத்துவிட்டு, காட்சி முடிந்த கையோடு வரிசையிலேயே கடினமான சண்டைகளில் ஒன்றை வைத்தார்களே, குற்றம் அங்கேதான் இருக்கிறது. உருண்டையை இரண்டடி தள்ளி வைத்திருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது. பின்னால் எச்.டி. பதிப்பு போட்டபோதும் இதைத் திருத்தவில்லை. கம்ப்யூட்டர் பதிப்பில் வேகத்தைக் கூட்டும் வசதி, வழிச் சண்டைகளை நிறுத்தும் வசதி, ஆட்டோ-சேவ் எல்லாம் சேர்த்தார்கள், இந்தக் காட்சிகளைத் தாண்ட மட்டும் வழி வைக்கவில்லை.

இந்த வரிசையில் வரும் எரிச்சலை நான் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறேன். ஒன்று, அந்தக் காலத்து மெஷினாலும் பழக்கத்தாலும் வந்தது. ஒன்றாம் பாகம் 1987-ல் வந்தபோது சேவ் என்பது கேசட்டுக்குள் இருந்த ஒரு சின்ன பேட்டரியின் தயவில் நின்றது. ஏழு, எட்டு, ஒன்பது காலத்தில் 128 கிலோபைட் மெமரி கார்டு, மொத்தம் 15 கட்டங்கள், அவ்வளவுதான். இந்த வகை எரிச்சலுக்குப் பிற்காலப் பதிப்புகளில் பெரும்பாலும் மருந்து கிடைத்துவிட்டது. உங்களை அலுக்க வைத்த மூன்றாம் பாகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1990-ல் வந்த மூலத்தில் கிறிஸ்டல் டவரில் நுழைந்தால் கடைசி எதிரி வரைக்கும் சேவ் செய்ய இடமே கிடையாது. தோற்றால் கோபுரத்தின் அடியில் இருந்து மறுபடி ஏற வேண்டும். 2021-ல் வந்த பிக்ஸல் ரீமாஸ்டர் என்ற புதுப்பித்த பதிப்பில் எங்கே நின்றாலும் குவிக்-சேவ் போடலாம், அறைக்கு அறை தானாகவும் சேவ் ஆகும். பழைய பதிப்பில் சிக்கியிருந்தால் இதற்கு மாறுங்கள்.

இரண்டாவது வகை, சொல்லாமல் ஏமாற்றுவது. பன்னிரண்டாம் பாகத்தின் 2006 மூலத்தில், ஸோடியாக் ஈட்டி என்று ஆட்டத்தின் வலிமையான ஆயுதம் ஒன்று இருந்தது. அதை நிச்சயமாகப் பெறும் வழி, வேறு வேறு இடங்களில் இருக்கும் நான்கு பெட்டிகளைத் திறக்காமல் விடுவது. அதில் ஒன்று ஆரம்ப ஊரின் கீழ்நகரிலேயே, சும்மா தெருவில் கிடக்கும். பெட்டியைக் கண்டால் திற என்று இருபது வருடமாகப் பழக்கிவிட்டு, இந்த நான்கை மட்டும் திறக்காதே என்பதை யாரும் எங்கும் சொல்வதில்லை. இதையெல்லாம் கடினம் என்று நான் சொல்ல மாட்டேன். 2017-ல் வந்த ‘ஸோடியாக் ஏஜ்’ பதிப்பில் இந்தக் கூத்தை எடுத்துவிட்டார்கள். பன்னிரண்டை விளையாடினால் அதை மட்டும் விளையாடுங்கள்.

இதற்கு நேர்மாறாக ஆறாம் பாகத்தில் ஒரு இடம். மிதக்கும் கண்டத்தில் இருந்து தப்பி ஓடும்போது மேலே கடிகாரம் குறைந்துகொண்டே வரும். விளிம்பில் கப்பல் காத்திருக்கும். குதிக்கவா, காத்திருக்கவா என்று கேட்கும். பதறிக் குதித்தால் ஒரு ஆள் கதையில் இருந்தே போய்விடுவார். கடைசி 5 வினாடி வரை நின்றால் அவர் ஓடி வந்து சேர்வார். முதல் முறை நானும் குதித்தேன், வயிறு எரிந்தது. ஆனால் அது நியாயமான எரிச்சல். ‘காத்திரு’ என்ற வார்த்தை என் கண்முன்னே இருந்தது, நான்தான் எடுக்கவில்லை.

எட்டாம் பாகத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வரிசையில் பாதியில் கைவிடப்படுவதில் அதற்குத்தான் முதலிடம் என்று என் நண்பர் வட்டத்தை வைத்துச் சொல்வேன். அதில் உங்கள் லெவல் ஏற ஏற எதிரிகளின் லெவலும் ஏறும். மற்ற பாகங்களின் பழக்கத்தில் மணிக்கணக்காகச் சண்டை போட்டு லெவல் ஏற்றினால், உங்களுக்கு நீங்களே குழி வெட்டிக்கொள்கிறீர்கள். பலம் வருவது மந்திரங்களை உடம்போடு ‘ஜங்ஷன்’ செய்வதில். அதற்காக ஒவ்வொரு எதிரியிடமும் நின்று 100 வரும்வரை மந்திரத்தை உறிஞ்சுவார்கள் பாருங்கள், பச்சை இலையை ஒவ்வொன்றாக எண்ணிக் கூடையில் போடுவது மாதிரி இருக்கும். தேவையே இல்லை. சைரன் என்ற துணைசக்தி கிடைத்ததும் உயிர் மந்திரங்களைச் செய்யும் ரிஃபைன் திறமையை அதற்குக் கற்றுக் கொடுங்கள். பிறகு 1,000 கில் (ஆட்டத்துக்குள் பணம்) விலையுள்ள டென்ட் ஒன்றை உருக்கினால் ‘கியூராகா’ என்ற குணப்படுத்தும் மந்திரம் 10 கிடைக்கும். பத்து டென்ட், அதாவது 10,000 கில்லுக்கு ஒரு ஆளுக்கு 100. அதை ஹெச்.பி.யோடு இணைத்துப் பாருங்கள், அரை மணி நேர வேலை இரண்டு நிமிடத்தில் முடியும். ஆட்டம் இதை மூடி மறைக்கவில்லை, மெனுவில்தான் இருக்கிறது. நாலு திரைக்கு உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான். 2019-ன் ரீமாஸ்டரில் மூன்று மடங்கு வேகமும் வழிச் சண்டைகளை நிறுத்தும் வசதியும் உண்டு.

இனி கரண்ட் விஷயம். பைக்காரா மின்நிலையம் 1932-ல் ஓடத் தொடங்கியது, அப்புறம் மாயார், குந்தா என்று வரிசையாக வந்தன. கீழே இருக்கும் ஊர்களுக்கெல்லாம் கரண்ட் அனுப்பும் மலை இது. ஒரு சீகை மரம் கம்பியில் சாய்ந்தால் நமக்கு மெழுகுவர்த்தி. அதை மாற்ற முடியாது, திட்டம் போட்டுக்கொள்ளலாம்.

உங்கள் கோத்தகிரிக்கும் எங்கள் குன்னூருக்கும் பலமான மழை வடகிழக்குப் பருவத்தில், அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை. கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் தென்மேற்கில் கொட்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் பெய்தது நினைவிருக்கும். ஆகவே எங்கேயும் சேவ் செய்ய முடிகிற பிக்ஸல் ரீமாஸ்டர்களை, அதாவது ஒன்று முதல் ஆறு வரை, அக்டோபர் மழைக்கு ஒதுக்கி வையுங்கள். பத்து மாதிரி சேவ் இடம் தேடி அலைகிற பாகங்களை ஜனவரி முதல் மார்ச் வரை, வானம் தெளிவாக இருக்கும்போது விளையாடுங்கள். நான் பல வருடமாக இப்படித்தான் செய்கிறேன்.

டெஸ்க்டாப் என்பதால் சின்ன யு.பி.எஸ். ஒன்று அவசியம். கரண்ட் போன பிறகும் விளையாடிக்கொண்டே இருப்பதற்கு அது போதாது. சேவ் இடம் வரை ஓடிப்போய் முறையாக அணைப்பதற்குத்தான். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்புறமோ முகப்பிலோ யு.பி.எஸ். மோட் என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். மற்ற மோடில் விளக்கும் ஃபேனும் தாங்கும், கம்ப்யூட்டர் மாறும் நொடியில் அணைந்துவிடும். குளிரில் பேட்டரியின் தெம்பு குறையும், மார்கழியில் வழக்கமான நேரம் நிற்கவில்லை என்று பயப்பட வேண்டாம்.

ஒரே சேவ் இடத்தில் மேலே மேலே எழுதாதீர்கள். மூன்றை வைத்துச் சுழற்றுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் அந்த ஒரு கோப்பு கெட்டுப்போகலாம், மற்ற இரண்டு இருக்கும். கரண்ட் வந்து ஆட்டத்தை மறுபடி திறக்கும்போது, கிளவுடில் இருக்கும் சேவ் வேண்டுமா, கம்ப்யூட்டரில் இருப்பது வேண்டுமா என்று ஸ்டீம் (ஆட்டத்தை வாங்கித் திறக்கும் செயலி) கேட்டால் அவசரப்பட்டு அழுத்த வேண்டாம். இரண்டிலும் தேதியும் நேரமும் போட்டிருக்கும், புதியதை எடுங்கள். தூக்கக் கலக்கத்தில் பழையதை அழுத்தி ஒரு வாரத்தை இழந்த ஆள் நான்.

பத்து முடிந்ததும் ஆறு. அப்புறம் ஒன்பது, அதில் ஆட்டோ-சேவ் உள்ள கம்ப்யூட்டர் பதிப்பு. ஒன்பதில் கடைசி நிலவறையை 12 மணி நேரத்துக்குள் எட்டினால்தான் கிடைக்கும் ‘எக்ஸ்காலிபர் 2’ வாளை மறந்துவிடுங்கள். அவ்வளவு அழகான கதையை ஓட்டமாக ஓடிக் கடக்கச் சொல்கிற பரிசு அது. பிறகு ஏழு, பன்னிரண்டு. டென்ட் உருக்குவது பிடித்தால் எட்டு. பதின்மூன்றாம் பாகத்தில் முதல் பத்து அத்தியாயம் நேர்க்கோட்டில் போகும், பதினொன்றாம் அத்தியாயத்தில்தான் திறந்த வெளி வரும், பொறுமை இருந்தால் பாருங்கள். பதினொன்றாம், பதினான்காம் பாகங்கள் ஆன்லைன் ஆட்டங்கள், ஷிப்ட் வேலைக்கும் நம் ஊர் இணையத்துக்கும் ஒத்துவராது.

பத்தை முடிக்கும் முன் யாராவது, அதில் வரும் இடிச் சமவெளியில் 200 மின்னலைத் தொடர்ந்து தப்பிக்கச் சொல்வார்கள். லூலுவின் சிறப்பு ஆயுதத்தின் முழு பலத்துக்கு அது வேண்டும். திரை வெளுத்ததும் பொத்தானை அழுத்த வேண்டும், ஒன்று தவறினால் மறுபடி ஒன்றில் இருந்து. நான் ஒரு மே மாதத்துச் சாயங்காலம் 160-ஐத் தாண்டி எண்ணிக்கொண்டிருந்தேன். அடுத்த வெளிச்சத்துக்கு அழுத்தினேன், அது ஜன்னலுக்கு வெளியே அடித்த மின்னல். அம்மா உள்ளே இருந்து “பிளக்கைப் பிடுங்குடா” என்று கத்தினார். பிடுங்கிவிட்டேன். லூலு அந்த ஆயுதம் இல்லாமலேயே கடைசிச் சண்டை வரைக்கும் வந்து சேர்ந்தாள்.