வாசகர் கேள்வி–பதில்: இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் ஒரே அணியில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. வேறு வேறு மொழி, மதம், நாடு என்று வளர்ந்த பிள்ளைகளைக் கூடைப்பந்துப் பயிற்சி முகாமில் ஒன்றாகச் சேர்ப்பது பற்றி. இப்படிப்பட்ட முகாம்களில் பல வருடம் விசிலோடு நின்றவன் நான். அதனால் இந்தப் பகுதி முழுவதையும் அதற்கே கொடுத்துவிட்டேன்.

கேள்வி: வெகுகாலமாக இங்கேயே இருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளையும், போரால் இடம்பெயர்ந்து புதிதாக வந்த குடும்பங்களின் பிள்ளைகளையும் சேர்த்து ஒரு வார முகாம் நடத்தப்போகிறோம். கடைசி நாள் இரண்டு தரப்புக்கும் ஒரு நட்புப் போட்டி வைக்கலாம் என்று குழுவில் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. — தன்னார்வப் பயிற்சியாளர் ஒருவர்

உங்கள் மனசு சொல்வதுதான் சரி. அந்தப் போட்டியை வைக்காதீர்கள்.

நான் இந்தத் தவறைச் செய்திருக்கிறேன். நான் பொறுப்பேற்று நடத்திய முதல் முகாமில் நாலு நாள் பிள்ளைகள் கலந்து பழகினார்கள், ஒரே பாட்டிலில் தண்ணீர் குடித்தார்கள், ஒருவன் ஷூ லேசை இன்னொருவன் கட்டிவிட்டதைக்கூடப் பார்த்தேன். ஐந்தாம் நாள் இந்தப் பக்கம் ஒரு அணி, அந்தப் பக்கம் ஒரு அணி என்று பிரித்து ஆடவிட்டோம். வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தைப் பிடிக்க (ரீபவுண்டு) தாவும்போது ஒருவன் முழங்கை இன்னொருவன் முகத்தில் பட்டது, வேண்டுமென்று செய்ததில்லை, ஆனால் அடுத்த பத்து நிமிடத்தில் அது ஒரு பையனுக்கும் இன்னொரு பையனுக்குமான விஷயமாக இல்லாமல் ‘அவங்க’ளுக்கும் ‘நம்ம’ளுக்குமான விஷயமாகிவிட்டது. காலையில் ஒன்றாக வந்தவர்கள் சாயங்காலம் முகம் பார்க்காமல் வண்டி ஏறினார்கள். நாலு நாள் உழைப்பை நாற்பது நிமிடத்தில் நானே கலைத்துப்போட்டேன்.

இது ஒன்றும் புதிதாகத் தெரிந்த விஷயம் இல்லை. 1954-ல் முசாஃபர் ஷெரிஃப் என்ற சமூக உளவியலாளர் அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் ஒரு கோடை முகாமில் 22 சிறுவர்களை இரண்டு குழுவாகப் பிரித்துப் போட்டிகள் வைத்தார். எல்லோரும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் குடும்பங்களிலிருந்து வந்தவர்கள், முன்பின் பகை கிடையாது. அப்படியும் சில நாட்களில் ஒருவர் கொடியை ஒருவர் எரித்தார்கள், அடுத்தவர் தங்கும் அறைக்குள் புகுந்து பொருட்களைக் கலைத்தார்கள். பிறகு அவர்களைச் சமாதானப்படுத்த ஒன்றாகச் சாப்பிட வைத்தார், படம் காட்டினார், ஒன்றும் பலிக்கவில்லை. தண்ணீர் வராமல் போனபோது எல்லோரும் சேர்ந்து காரணத்தைத் தேடியதும், நின்றுபோன லாரியைச் சேர்ந்து இழுத்ததும்தான் பலித்தது. (பிள்ளைகளுக்குத் தெரியாமல் இப்படி ஒரு சோதனை செய்ததை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. ஆனால் அதில் தெரிந்த உண்மையை ஒதுக்கவும் முடியாது.)

இன்னும் நெருக்கமான ஒன்று. மேட் லோ என்ற பொருளாதார ஆய்வாளர் உத்தரப் பிரதேசத்தில் வெவ்வேறு சாதி இளைஞர்களை வைத்துக் கிரிக்கெட் தொடர் நடத்தி, 2021-ல் முடிவை வெளியிட்டார். ஒரே அணியில் ஆடியவர்களிடம் சாதி கடந்த நட்பு கூடியது. எதிரணியாக மட்டும் சந்தித்துக்கொண்டவர்களிடம் அந்தப் பலன் இல்லை. ஒரே மைதானம், ஒரே ஆட்டம்தான், யார் யாரோடு ஆடுகிறார்கள் என்பதில்தான் எல்லாமே இருந்தது.

அதனால் அணி பிரிப்பதில்தான் உங்கள் முகாமே இருக்கிறது. முதல் நாள் அணியே பிரிக்காதீர்கள், சும்மா ஆடவிட்டு யாருக்கு என்ன வருகிறது என்று பாருங்கள். இரண்டாம் நாள் நீங்களே உட்கார்ந்து, திறமையும் சமமாக, பின்னணியும் கலந்து பிரியுங்கள். முக்கியமாக, எந்த அணியிலும் ஒரு தரப்புப் பிள்ளை தனியாக மாட்டிக்கொள்ளக் கூடாது, குறைந்தது இரண்டு பேராவது இருக்கட்டும். தனியாக இருக்கும் பிள்ளை தன் கூட்டத்துக்கே பிரதிநிதி மாதிரி ஆகிவிடும், அந்தச் சுமை பத்து வயதுக்கு அதிகம். அணிக்குப் பெயரை அவர்களே வைக்கட்டும், வீட்டிலிருந்து போட்டு வரும் ஜெர்சிக்கு மேலே அணி நிறத்தில் ஒரு பனியன் மாட்டிவிடுங்கள்.

சில முகாம்களில் ‘மற்ற தரப்புப் பிள்ளைக்குப் பாஸ் கொடுத்துப் போட்டால் இரண்டு மடங்கு புள்ளி’ என்று விதி வைக்கிறார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் வேண்டாம். யார் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு பாஸிலும் ஞாபகப்படுத்தும் விதி அது. அதற்குப் பதில், அணியில் எல்லோர் கையும் பட்ட பிறகுதான் ஷாட் அடிக்கலாம் என்று சொல்லிப் பாருங்கள், தானாக எல்லோரும் எல்லோரையும் தேடுவார்கள்.

பயிற்சியாளர்களும் இரண்டு தரப்பிலிருந்தும் வர வேண்டும். ஒரு தரப்பு கற்றுக்கொடுக்கிற இடத்திலும் இன்னொரு தரப்பு கற்றுக்கொள்கிற இடத்திலும் மட்டுமே இருந்தால் அது சம நிலை ஆகாது. கோர்டன் ஆல்போர்ட் என்ற உளவியலாளர் 1954-லேயே இதை எழுதிவிட்டார்: வேறு வேறு கூட்டத்தார் பழகுவதால் வெறுப்பு குறைய வேண்டுமென்றால் சம மதிப்பு, பொதுவான குறிக்கோள், கூட்டு உழைப்பு, பெரியவர்களின் ஆதரவு, இந்த நாலும் வேண்டும். கடைசி நாள் கலகலப்பாக முடிய வேண்டுமா, பிள்ளைகள் எல்லோரும் ஒரு பக்கம், பயிற்சியாளர்கள் ஒரு பக்கம் ஆடுங்கள்.

கேள்வி: ஏன் கூடைப்பந்து? கால்பந்தை உலகம் முழுக்க ஆடுகிறார்களே, அது போதாதா? — பள்ளி ஆசிரியர் ஒருவர்

கால்பந்தும் நல்லதுதான், சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் கால்பந்தில் மைதானம் பெரிது, கூச்சப்படும் பிள்ளை ஒரு ஓரமாக நின்றே ஆட்டத்தை முடித்துவிடலாம். கூடைப்பந்தில் ஒரு பக்கம் ஐந்தே பேர், சின்னக் கோர்ட், ஒளிய இடம் இல்லை. அரைக் கோர்ட்டில் மூன்று பேருக்கு மூன்று பேர் ஆடினால் இன்னும் நெருக்கம். அந்த 3x3 வடிவம் டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து பதக்க ஆட்டமாகவும் ஆகிவிட்டது, அதன் சர்வதேசப் போட்டிகளில் பயிற்சியாளர் பக்கத்தில் நின்று கத்த அனுமதி இல்லை, ஆடுகிறவர்களே பேசி முடிவெடுக்க வேண்டும். நமக்கு வேண்டியதும் அதுதானே.

இன்னொரு காரணமும் உண்டு. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் கனடாக்காரரான ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது, பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடக் கூடாது என்று விதி வைத்தார். ஓடினால்தானே பாய்ந்து தடுக்க வேண்டியிருக்கும், அடிதடி வரும். அவர் முதலில் எழுதிய 13 விதிகளில் பந்தைத் தட்டிக்கொண்டே போகும் டிரிப்ளிங்கும் கிடையாது, பந்து கையில் வந்தால் நின்ற இடத்திலிருந்து இன்னொருவருக்குக் கொடுத்தே ஆக வேண்டும். முதல் ஆட்டம் ஆடிய 18 மாணவர்களில் ஜப்பானிலிருந்து வந்த இஷிகாவாவும் ஒருவர். என் முகாம்களில் தினமும் இருபது நிமிடம் டிரிப்ளிங் இல்லாமல் ஆடவிடுவேன். நன்றாக ஆடத் தெரிந்த பிள்ளை முதலில் எரிச்சல்படும், அப்புறம்தான் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்கத் தொடங்கும்.

கேள்வி: எங்கள் மகனுக்கு அங்கே பேசும் மொழி ஒரு வார்த்தைகூடத் தெரியாது. அனுப்பவே பயமாக இருக்கிறது. — ஒரு தாய்

அனுப்புங்கள். ஆனால் முன்னதாகவே பயிற்சியாளரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். ஒன்று, எதையும் வாயால் விளக்காமல் முதலில் செய்து காட்டுவாரா? தரையில் தட்டிக் கொடுக்கும் பவுன்ஸ் பாஸை வார்த்தையில் விளக்கினால் மொழி தெரிந்த பிள்ளைக்கே குழப்பம், ஒருமுறை செய்து காட்டினால் எல்லோருக்கும் புரியும். ரெஃப்ரியின் கைச்சைகைகள் பெரும்பாலான நாடுகளில் ஒன்றுதான், அதை முதல் நாளே ஒரு விளையாட்டாகக் கற்றுக்கொடுத்தால் உங்கள் மகனும் மற்றவர்களும் ஒரே இடத்திலிருந்து தொடங்குவார்கள்.

இரண்டு, உங்கள் மகனின் பெயரைச் சரியாகச் சொல்லக் கற்றுக்கொள்வாரா? வாயில் நுழையவில்லை என்று சுருக்கிக் கூப்பிடுவதைப் பெரிய விஷயமாகப் பலர் நினைப்பதில்லை. நான் நினைக்கிறேன். வட்டமாக நின்று, யாருக்குப் பந்தைப் போடுகிறோமோ அவர் பெயரை முழுதாகச் சொல்லித்தான் போட வேண்டும் என்ற பயிற்சி எந்த முகாமிலும் முதல் பத்து நிமிடத்தில் நடக்க வேண்டும். ‘இங்கே’, ‘கொடு’, ‘நல்லா ஆடினே’, ‘மன்னிச்சிடு’ என்ற நாலு வார்த்தையை உங்கள் மகனின் மொழியில் மற்றப் பிள்ளைகளும் கற்கட்டும். அவன் மட்டும் கற்றுக்கொள்பவனாக இருக்க வேண்டியதில்லை.

கேள்வி: நான் தலையில் ஹிஜாப் அணிவேன். கூடைப்பந்தில் அதற்கு அனுமதி இல்லை என்று ஒரு பயிற்சியாளர் சொல்லிவிட்டார். உண்மையா? — பதினாறு வயது வாசகி

சர்வதேச விதியில் ஒரு காலத்தில் உண்மை, இப்போது இல்லை. 2014-ல் இந்திய அணியின் சீக்கிய வீரர்கள் இருவரைத் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார்கள். அதே ஆண்டு இன்சியான் ஆசிய விளையாட்டில் கத்தார் பெண்கள் அணி, ஹிஜாபைக் கழற்ற மறுத்து ஆடாமலே வெளியேறியது. எதிர்ப்பு வலுத்த பிறகு, சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிபா 2017-ல் விதியை மாற்றியது. மற்றவருக்குக் காயம் ஏற்படுத்தாத, சுலபத்தில் அவிழாத தலையணியோடு ஆடலாம். ஊசி குத்தாத விளையாட்டு ஹிஜாப் போட்டுக்கொள்ளம்மா, பயிற்சியாளரிடம் இந்த விதி மாற்றத்தைச் சொல். முகாம் நடத்துபவர்களுக்கும் ஒன்று: விண்ணப்பத்திலேயே ‘உங்களுக்கு வசதியான உடையில் வரலாம்’ என்று ஒரு வரி போடுங்கள், ஒரு பெண் பிள்ளை வந்து நின்று அனுமதி கேட்கும் நிலை வரக் கூடாது.

கேள்வி: பெற்றோரைப் பார்க்க விடலாமா?

விடுங்கள். தரப்பு தரப்பாக உட்கார வேண்டாம், பிள்ளையின் அணி எதுவோ அந்த அணிப் பெற்றோர் சேர்ந்து உட்காரட்டும். ஓரத்திலிருந்து கத்திப் பயிற்சி கொடுப்பவர்களை மட்டும் வெளியே அனுப்புங்கள்.

கேள்வி: ஒரு வாரம் சேர்ந்து ஆடுவார்கள், போட்டோ எடுப்பார்கள், வீட்டுக்குப் போனதும் பழைய கதைதான். இதனால் உண்மையில் என்ன மாறும்? — சலித்துப்போன ஒரு வாசகர்

உங்கள் சலிப்பில் நியாயம் இருக்கிறது. சல்மா மூசா என்ற ஆய்வாளர் ஈராக்கில், ஐ.எஸ். அமைப்பால் விரட்டப்பட்ட கிறிஸ்தவ இளைஞர்களின் கால்பந்து அணிகள் சிலவற்றில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்துப் பார்த்து, 2020-ல் முடிவைச் சொன்னார். கலந்து ஆடிய கிறிஸ்தவ வீரர்கள் அடுத்த பருவத்திலும் கலப்பு அணியில் ஆட முன்வந்தார்கள், ஆறு மாதம் கழித்தும் முஸ்லிம் வீரர்களோடு பயிற்சி செய்தார்கள். ஆனால் மைதானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்கள் இருக்கும் இடத்துக்குப் போய்வரும் அளவுக்கு அந்த மாற்றம் நீளவில்லை. ஆட்டத்துக்குள் பலன் நிஜம், வெளியே அது தானாக நடந்து போகாது.

இருந்தும் நான் இதைக் கைவிடமாட்டேன். 2001-ல் இத்தாலியின் ட்ரெவிசோவில் செர்பியரான விளாடே திவாச்சும் குரோஷியரான டோனி குகோச்சும் சேர்ந்து, போரில் உடைந்துபோன யூகோஸ்லாவியாவின் நாடுகளிலிருந்து 50 பிள்ளைகளைக் கூட்டி முகாம் நடத்தினார்கள். போருக்கு முன் இருவரும் ஒரே நாட்டு அணியில் ஆடியவர்கள், 1990-ல் சேர்ந்து உலகக் கோப்பை வென்றவர்கள். அந்தப் போரின் காயம் ஆறாத வீடுகளிலிருந்துதான் அந்தப் பிள்ளைகள் வந்தார்கள், அந்த இருவரும் பக்கத்தில் நிற்பதைக் கண்ணால் பார்த்தார்கள். எனக்கு அதுவே பெரிய விஷயம்.

ஒரு வாரம் போதாது என்பதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். அதே 2001-ல் தொடங்கிய பீஸ்பிளேயர்ஸ் என்ற கூடைப்பந்து அமைப்பு, இரு பிரிவினரும் வெகுகாலம் பகைத்திருந்த வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் கத்தோலிக்கப் பள்ளியையும் புராட்டஸ்டன்ட் பள்ளியையும் ஜோடி சேர்த்து, பிள்ளைகளைத் திரும்பத் திரும்பச் சந்திக்க வைக்கிறது. அங்கே ஆடி வளர்ந்தவர்களில் சிலர் பிறகு அங்கேயே பயிற்சியாளராகிறார்கள். அந்தத் தொடர்ச்சிதான் வேண்டும். உங்கள் பகுதியில் முகாம் நடத்துபவர்கள் கிடைத்தால் அவர்களிடம் கேளுங்கள்: மாதம் ஒருமுறையாவது இதே அணிகள் மறுபடி கூடுமா, ஒருமுறை இந்தப் பக்கத்துக் கோர்ட், அடுத்த முறை அந்தப் பக்கத்துக் கோர்ட் என்று மாறி மாறி நடக்குமா, போய்வர வண்டி யார் ஏற்பாடு செய்கிறார்கள்? வண்டி இல்லாததால் நின்றுபோன நட்பை நான் நிறையப் பார்த்துவிட்டேன். அடுத்த சந்திப்பின் தேதியும் இடமும் எழுதிய துண்டுச் சீட்டு, முகாமின் கடைசி நாளிலேயே ஒவ்வொரு பிள்ளையின் பைக்குள்ளும் இருக்க வேண்டும்.