நிறுவனம் தள்ளாடும்போதும் பைலட்டுகள் ஏன் சம்பளக் குறைப்புக்குச் சம்மதிப்பதில்லை?

"லட்சத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன?" என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரை பெருங்குடி விமான நிலையத்தில் விமானம் தாமதமானால் இதே பேச்சுதான் காதில் விழும்.

அந்த லட்சத்துக்குப் பின்னால் பெரும்பாலும் கடன் இருக்கிறது. உசிலம்பட்டிப் பக்கத்துப் பையன் பைலட் ஆக வேண்டுமென்றால் நிலத்தை அடமானம் வைக்காமல் நடக்குமா? சரி, பிடிக்காவிட்டால் வேறு நிறுவனம் போகலாமே என்றால், ஏடிஆர் என்கிற சிறிய விமானம் ஓட்டுகிறவர் மறுநாளே போயிங்கில் உட்கார முடியாது; அந்த வகை விமானத்தை ஓட்டுவதற்கான அனுமதியான தனி ரேட்டிங் வேண்டும். சீனியாரிட்டியும் போச்சு. விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டிஜிசிஏ-வின் 2017 விதிப்படி, வேலையை விடும் கேப்டன் ஒரு வருட நோட்டீஸ் வேறு கொடுக்க வேண்டும். வெளியேற வழியில்லாதவர் உள்ளே இருந்துதான் சண்டை போடுவார்.

2018-இல் ஜெட் ஏர்வேஸ் சம்பளத்தை 25 சதவீதம் வரை குறைக்கப் பார்த்தது. பைலட்டுகள் மறுத்தார்கள், நிர்வாகம் பின்வாங்கியது. அப்புறம் சம்பளமே மாதக்கணக்கில் நின்றது. 2019 ஏப்ரல் 17-இல் விமானங்களும் நின்றன. குறைப்பை ஏற்றிருந்தால் பிழைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை, வங்கிக் கடனே 8,000 கோடிக்கு மேல்.

மறுப்பது எப்போதும் வீண் போவதில்லை. திவால் பாதுகாப்பில், அதாவது கடன்காரர்கள் நெருக்காதபடி நீதிமன்றப் பாதுகாப்பில், இருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் முன்வைத்த புதிய ஒப்பந்தத்தை 2012 ஆகஸ்டில் பைலட்டுகள் வாக்களித்து நிராகரித்தார்கள். பழைய ஒப்பந்தத்தை ரத்து செய்ய நீதிமன்றம் அனுமதித்த பிறகும் பேச்சு நடந்தது. டிசம்பரில் பைலட்டுகள் ஏற்ற ஒப்பந்தத்தில் அவர்களுக்கு நிறுவனப் பங்கும் சேர்ந்திருந்தது.