பேஸ் கொம்போவுக்கு இரண்டாவது பொக்ஸ்: இஞ்சிக்கு முதல் ஓம்

உள்ளே 12 இஞ்சி ஸ்பீக்கர் ஒன்று உள்ள பேஸ் கொம்போவுக்கு (பேஸ் கிற்றாருக்கான அம்ப்ளிஃபையரும், அதாவது அம்ப்பும், ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ளது) வெளியே ஒரு ஸ்பீக்கர் பொக்ஸ் சேர்க்க வேண்டும், 10 இஞ்சி ஸ்பீக்கர் நாலு உள்ளதா, 15 இஞ்சி ஒன்றா நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். இஞ்சியைப் பிறகு பார்க்கலாம். முதலில் அம்பைத் திருப்பி, பின்பக்கம் குறைந்தது எத்தனை ஓம் (மின்தடையின் அளவு) என்று எழுதியிருக்கிறது, உள் ஸ்பீக்கர் எத்தனை ஓம் என்று பாருங்கள். அதைப் பார்க்காமல் ஒரு அம்பை எரித்தவன் நான்.

பருத்தித்துறைப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. திறந்த வெளி, கடற்காற்று. மைக்செற் பாட்டுக்கும் கீபோட்டுக்கும் மட்டும்தான், பேஸ் என் கொம்போவில் இருந்துதான் வரவேணும். முந்தின நிகழ்ச்சி முடிய ஒரு அண்ணை வந்து, "தம்பி, நீ வாசிச்சனியோ? எங்களுக்குக் கேக்கவே இல்லை" என்று சொன்னது மனதில் கிடந்தது. கொழும்பில் இருந்து பழைய பொக்ஸ் ஒன்றை வேண்டி லொறியில் எடுப்பித்தேன். 10 இஞ்சி நாலு, 4 ஓம். "ஓம் குறைஞ்சால் சத்தம் கூடும்" என்றார் விற்றவர். அது உண்மைதான். ஆனால் என் உள் ஸ்பீக்கர் 8 ஓம், அம்ப் தாங்குவது 4 ஓம் வரை. 8 உம் 4 உம் சமாந்தரமாகச் சேர்ந்தால் 2.67 ஓம். நாலு பாட்டுக்கு மேடைப் பலகை அதிர்ந்தது. ஐந்தாவதில் சத்தம் விட்டு விட்டு வந்தது, பிறகு கருகின மணம். மிச்ச இரவு முழுக்க, சத்தமில்லாத கிற்றாரோடு மேடையில் நின்றேன். அவுட்புட் ட்ரான்சிஸ்டர்கள் போய்விட்டன.

வால்வ் அம்ப் (ட்ரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய் உள்ளது) வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வரவேண்டாம், அதன் கணக்கு வேறு. நான் சொல்வது ட்ரான்சிஸ்டர் அம்ப்.

இப்போது நான் வெளியே சேர்ப்பது, உள்ளே உள்ளதைப் போலவே 12 இஞ்சி, 8 ஓம் ஸ்பீக்கர் ஒன்று உள்ள பொக்ஸ். எட்டும் எட்டும் சேர்ந்து 4, வலு சரிபாதியாகப் பிரியும். 8 ஓமில் 10 இஞ்சி நாலு சேர்த்தாலும் அம்புக்குக் கெடுதியில்லை. ஆனால் பாதி வலுவை நாலு ஸ்பீக்கர் பங்குபோட, மற்றப் பாதியை உங்கள் தனி 12 சுமக்கும், முதலில் களைப்பது அதுதான். 15 இஞ்சி என்றால் அடிச்சத்தம் தானாக வரும் என்றும் நம்பவேண்டாம். கீழ் ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ், அதைத் தருவதில் பொக்ஸின் கொள்ளளவுக்கும் பங்குண்டு. உள் ஸ்பீக்கரே 4 ஓம், அம்பும் குறைந்தது 4 என்றால் எதையும் சேர்க்காதீர்கள். பழைய பொக்ஸில் ஓம் எழுத்து அழிந்திருந்தால் ஓம் அளக்கும் மீற்றரைப் பிடியுங்கள். 8 ஓம் பொக்ஸ் கிட்டத்தட்ட 6 காட்டும். கிற்றார் வயரால் பொக்ஸைக் கொழுவவேண்டாம், ஸ்பீக்கர் வயர்தான் வேணும்.

"டிஐ கொடுத்தால் (பேஸை நேரே மிக்சருக்கு அனுப்பினால்) போதுமே, பொக்ஸ் எதுக்கு" என்பார்கள். நல்ல மிக்சரும் மனமுள்ள சவுண்ட்காரரும் இருந்தால் போதும். இங்கே பல மேடைகளில் "கீபோட்டிலயே பேஸ் வரும்தானே" என்று சொல்லி எங்களையே வெட்டிவிடுகிறார்கள், ஒரு ஆளின் சம்பளம் மிச்சம் என்று. இடது கையால் அமத்துகிற பேஸ் ட்ரம்மோடு சேர்ந்து மூச்சு விடாது. பத்து வருடமாக இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அம்பின் பின்பக்கத்தைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை எந்தப் பொக்ஸுக்கும் அட்வான்ஸ் கொடுக்கவேண்டாம்.