புது மாடு பாலை அடக்குகிறது, ஊசி போடலாமா?

கேள்வி: சந்தையில் ஜெர்சி கலப்பின மாடு ஒன்றைக் கன்றோடு வாங்கினேன். விற்றவர் ஒரே வேளையில் ஆறு லிட்டர் கறந்து காட்டினார். இங்கே வந்த நாலு நாளாக வேளைக்கு இரண்டரை லிட்டர்தான். கறந்த பிறகு கன்றை விட்டால் வாயில் நுரை தள்ளக் குடிக்கிறது. ஊசி போட்டால் எல்லாம் இறங்கும் என்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள். கன்றின் வாயில் நுரை தள்ளுகிறது என்றால் மடியில் பால் இருக்கிறது.

மடியிலுள்ள பாலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலே தயாராக நிற்கும். மீதியெல்லாம் நுண்ணிய பால் அறைகளில் இருக்கும். கன்று முட்டினாலும், தவிட்டு வாளிச் சத்தம் கேட்டாலும் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது மடிக்கு வந்து, அறைகளைச் சுற்றியுள்ள தசைச் செல்களை இறுக்கிப் பாலை இறக்கும். இப்போது இடம் புதிது, ஆள் புதிது, வண்டியில் வந்த மிரட்சி வேறு. இந்த நிலையில் ஆக்ஸிடோசின் சுரப்பதே குறைந்துவிடும். அடித்தால், நாய் குரைத்தால் பயத்தில் சுரக்கும் அட்ரினலினும் சேர்ந்து மடிக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். பாவம், மாடு வேண்டுமென்று செய்வதில்லை.

கொஞ்ச நாளைக்கு ஒரே ஆள், ஒரே நேரத்தில் கறக்கட்டும். தீவனம் வைத்து, கன்றைச் சற்று ஊட்டவிட்டு, வெதுவெதுப்பான நீரில் மடியைக் கழுவித் துடையுங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் காம்பு திரண்டு வரும். உடனே உட்கார்ந்து ஆறேழு நிமிடத்தில் கறந்துவிடுங்கள். ஆக்ஸிடோசின் வேகம் அதற்குமேல் நிற்காது. நடுவில் போன் வந்தாலும் எழுந்திருக்க வேண்டாம்.

அவர்கள் சொல்லும் ஊசியும் இதே ஆக்ஸிடோசின்தான். தினமும் ஊசி போட்டுப் பழக்கினால், அப்புறம் ஊசி இல்லாமல் பால் இறங்காது. பால் கூட்டுவதற்காக மாட்டின் உடம்பைக் கெடுக்கும் ஊசி போடுவது 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமும்கூட.

இன்னொன்று. சந்தைக்கு ஓட்டி வரும் முன் ஒரு வேளை கறக்காமல் மடியை நிரப்பி வைப்பது சில வியாபாரிகளின் வழக்கம். அதனால் அந்த ஆறு லிட்டரை அப்படியே நம்ப வேண்டாம். முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பாருங்கள். திரி திரியாக வந்தாலோ, ஒரு காம்பு மட்டும் சூடாகக் கல்லுப்போல் இருந்தாலோ மடிநோயாக இருக்கலாம். அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.